வட்டத்தில் தூக்கிய கை

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். போனதும் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள் எங்கே தொலைந்தாள் என்று திட்டிக்கொண்டிருப்பாய். எங்கும் தொலையவில்லை. சலவைக்கூடத்துக்கும் விடுதிக்கும் போய்வந்துகொண்டிருக்கிறேன்.

வேலை இதுதான். ஆஸ்பத்திரிகளிலிருந்தும் ஓட்டல்களிலிருந்தும் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக வரும். கீழ்த்தளத்தில் துவைப்பார்கள். மேலே நாங்கள் அதைச் சூடான உருளைக்குள் விட்டு எடுத்து மடிப்போம். ஒரு விரிப்புக்கு இரண்டு பேர். ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்துக்கொண்டு எதிரெதிரே நிற்க வேண்டும். உதறி, சேர்த்து, மடித்து, நடந்து போய் முனையைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். எதிரில் நிற்பவள் முகம் நாள் முழுவதும் கிட்டே வந்து கிட்டே வந்து போகும். மத்தியானத்துக்குள் விரல்கள் மரத்துவிடும். முதலில் விரல்தான் மரத்தது. இப்போது மற்றதும் அப்படித்தான் இருக்கிறது. அம்மா போனபோது நான் அழவில்லை என்று வருத்தப்பட்டாயே, இன்னும் அழவில்லை. குறையாகச் சொல்லவில்லை. இருப்பதைச் சொல்கிறேன்.

என் எதிரில் நிற்பவளை எல்லோரும் ஊக்கு என்றுதான் கூப்பிடுகிறார்கள். கிழிந்ததைத் தைக்கச் சோம்பல்பட்டு ஊக்கு குத்த ஆரம்பித்தவள், இப்போது கிழியாத இடத்திலும் குத்தியிருக்கிறாள். காதில்கூட ஒன்று தொங்குகிறது. அவள் ஒரு பங்க் இசைக்குழுவில் கிதார் வாசிக்கிறாள். மூடிக் கிடக்கும் ஒரு டயர் கடையில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வாசிப்பார்கள். போன வாரம் என்னையும் இழுத்துக்கொண்டு போனாள்.

அதைப் பாட்டு என்று சொன்னால் நீ அடிக்க வருவாய். மூன்று பேர், மூன்று பேருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்குக் கோபம் என்பதுபோல வாசித்தார்கள். காதில் வைக்கப் பஞ்சு கொடுத்தாள், நான் வைக்கவில்லை. சத்தம் நெஞ்சுக்கூட்டில் வந்து இடித்தது. இடிக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. ரொம்ப நாளைக்குப் பிறகு ஏதோ ஒன்று தெரிந்தது.

வெளியே ஒரு மேஜையில் பின் அடித்த சின்னச் சின்னப் புத்தகங்கள் வைத்திருந்தார்கள். அரசு வேண்டாம், முதலாளி வேண்டாம், தலைவரும் வேண்டாம் என்று ஒரு அட்டையில் இருந்தது. சும்மா எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். சும்மா என்றால் நம் வீட்டில் யார் விட்டிருக்கிறோம். எடுத்துவந்திருக்கிறேன்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

உன் தங்கை


பிப்ரவரி 27

சின்னவளுக்கு,

கடிதம் கிடைத்தது. இங்கே நலம். அவரும் நலம். நீ சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா என்று ஒரு வரி எழுதக்கூடாதா? டயர் கடையைப் பற்றி அரைப் பக்கம், உன் உடம்பைப் பற்றி விரல் மட்டும்.

உன் ஊக்கு எனக்குப் பிடித்திருக்கிறாள். காதில் தொங்குகிற ஊக்கில் துரு ஏறாமல் பார்த்துக்கொள்ளச் சொல். அந்தச் சத்தத்துக்குப் போவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். அம்மா இருந்தால் சொல்லியிருப்பாள், அவள் பங்கையும் நான் எடுத்துக்கொள்ள வேண்டுமா என்ன?

அவருடைய டிரைவிங் ஸ்கூல் நன்றாகப் போகிறது. புதிதாக ஒரு கார் வாங்கி அவர் காலடியிலும் ஒரு பிரேக் பொருத்தியிருக்கிறார். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் எத்தனை தப்பு செய்தாலும் சாரின் குரல் உயர்ந்ததே இல்லை என்கிறார்கள். மார்க்கெட்டுக்குப் போனால் யாராவது ஒருவர் நிறுத்தி இதை என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போகிறார்கள். நானும் கேட்டுக்கொள்கிறேன்.

போனில் பேசலாமே என்று நீ சொல்ல வருவாய் என்று தெரியும். போன் அவர் சட்டைப்பையில் இருக்கும். கடிதமே நல்லது. தபால் வருகிற நேரத்தில் அவர் வண்டியில் இருப்பார்.

கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். குளியலறையில் வழுக்கி வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறேன். ஒன்றுமில்லை.

அந்தப் புத்தகத்தில் என்னதான் இருக்கிறது? தலைவர், முதலாளி, அரசு எல்லாம் வேண்டாம் என்றால் காலையில் எழுந்து கதவைத் திறப்பது யார்? படித்துச் சொல்.

பாசத்துடன்,
அக்கா


மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். சாப்பிடுகிறேன். தூங்குகிறேன். நீயும் அத்தானும் நலம்தானே.

புத்தகத்தைப் படித்தேன். இரண்டு தடவை. எழுதியவர் பெயர் இல்லை. யாரும் யார்மேலும் நிற்கத் தேவையில்லை என்பதுதான் சாரம். ஒரு வேலையைச் செய்கிறவர்களே உட்கார்ந்து பேசி அதை எப்படிச் செய்வது என்று முடிவு பண்ணிக்கொள்ளலாமாம். இதற்கு அராஜகவாதம் என்று பெயர். பால்காரர் தண்ணீர் கலந்தால் அம்மா சொல்லுவாளே, அந்த அராஜகம் இல்லை. இது வேறு.

இப்போது ஞாயிறு தோறும் பாட்டு முடிந்த பிறகு அங்கேயே உட்கார்ந்து படிக்கிறார்கள். நானும் உட்காருகிறேன். நாற்காலி கிடையாது, பழைய டயர்மேல் வட்டமாக உட்கார வேண்டும். எதையும் முடிவு செய்ய வேண்டுமென்றால் எல்லோரும் கை தூக்க வேண்டும். பெரும்பான்மை என்ற பேச்சே இல்லை. ஒரே ஒருவர் கை தூக்காவிட்டாலும் அந்தக் காரியம் நடக்காது. ஆனால் தூக்காதவர் ஏன் தூக்கவில்லை என்று எல்லோர் முன்னாலும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். காரணம் சொல்லாமல் தடுக்கக்கூடாது. கெட்டில் வாங்குவதா வேண்டாமா என்று போன வாரம் இரண்டு மணி நேரம் பேசினோம். கடைசியில் எல்லோரும் கை தூக்கியபோது கெட்டில் விற்கும் கடையை மூடிவிட்டார்கள்.

சிரிக்கத்தான் செய்வாய். எனக்கும் நம்பிக்கை வந்துவிட்டது என்றெல்லாம் இல்லை. படிக்கும்போது வாக்கியம் வாக்கியமாக உள்ளே போகிறது, அவ்வளவுதான். அங்கே உட்கார்ந்திருக்கும்போது என் முறை வந்தால் நிறுத்திக் காத்திருக்கிறார்கள். எனக்குச் சொல்ல ஒன்றும் இருப்பதில்லை. இருந்தாலும் காத்திருக்கிறார்கள்.

நீ கேட்டாய் என்று ஒன்றை இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் தங்கை


ஏப்ரல் 6

சின்னவளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். மணிக்கட்டு சரியாகிவிட்டது. நீ கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

புத்தகத்தை மாவு டப்பாவுக்குப் பின்னால் வைத்து மூன்று நாளில் படித்தேன். கல்யாணத்துக்கு முன்னால் பள்ளிக்கூட ஆபீசில் எத்தனை சுற்றறிக்கை டைப் அடித்திருப்பேன், இத்தனை பிழைகளோடு ஒன்றையும் நான் வெளியே விட்டதில்லை. ஆனால் பிழையைத் தாண்டியும் படிக்க முடிந்தது. அவர் ஒருநாள் கையில் பார்த்துவிட்டு என்ன என்றார். பாட்டுப் புத்தகம், சின்னவள் அனுப்பினாள் என்றேன். புரட்டிப் பார்க்கவில்லை. பாட்டு அவருக்கு ஆகாது.

எனக்கு ஒரு சந்தேகம். அரசு பற்றிப் பத்துப் பக்கம், தொழிற்சாலை பற்றிப் பத்துப் பக்கம், சிறைச்சாலை பற்றி ஏழெட்டு. வீட்டைப் பற்றி அரைப் பக்கம்தான் எழுதியிருக்கிறார். பெயர் போடாத அந்த மனிதருக்குக் கல்யாணம் ஆகியிருக்காது, அல்லது ஆகி அவர் பிரேக் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவராக இருக்க வேண்டும். இதை உன் வட்டத்தில் கேள். டயர்மேல் உட்கார்ந்திருக்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

அந்த அரைப் பக்கத்தை மட்டும் தனியாக நிறையத் தடவை படித்தேன். யாரும் யார்மேலும் நிற்கத் தேவையில்லை என்பதை ஒருவர் அச்சில் போட்டிருக்கிறார் என்பதே எனக்கு என்னவோபோல் இருந்தது. எழுதிவிட்டால் அது பொய்யாக இருக்க முடியாது என்று நினைக்கிற வயதா எனக்கு? இருந்தும் அப்படி இருந்தது.

வேறு இருந்தால் அனுப்பு. அட்டையில் பூப்படம் போட்ட காகிதம் எதையாவது ஒட்டி அனுப்பு.

பாசத்துடன்,
அக்கா


ஏப்ரல் 28

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலம் என்று நம்புகிறேன்.

உன் கேள்வியை வட்டத்தில் வைத்தேன். ஊக்கு, அந்த அரைப் பக்கத்தை எழுதியது ஒருவர், மீதியை எழுதியது வேறொருவர் என்றாள். உன்னை ஒருநாள் கூட்டிவரச் சொன்னாள். இன்னும் இரண்டு புத்தகம் அனுப்பியிருக்கிறேன். ரோஜாப்பூப் படம்தான் கிடைத்தது.

ஒரு செய்தி. எங்கள் தளத்துச் சூப்பர்வைசர் அம்மா ஓய்வு பெறுகிறார். மேனேஜர் என்னைக் கூப்பிட்டு அந்த இடத்துக்கு வருகிறாயா என்றார். நான் யாரோடும் வம்புக்குப் போவதில்லையாம், அதனால் பொருத்தமாக இருப்பேனாம். சூப்பர்வைசருக்கு மாடியில் ஒரு தனி அறை உண்டு. இப்போது நான் இருப்பது விடுதியில் ஒரு கட்டில், அறைக்கு ஆறு பேர், விருந்தாளி தங்கக்கூடாது என்று சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறது. என் சம்பளத்தில் வெளியே தனி அறை நடக்காது.

எடுத்துக்கொள்வதா என்று தெரியவில்லை. விரிப்பு மடிப்பவர்கள்மேல் நின்று பார்த்துக்கொண்டிருக்கிற வேலை. ஊக்கிடம் சொன்னேன். "உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு முனையைக் கொடுத்துவிட்டுப் போனாள். வேண்டாம் என்று சொல்லலாம் என்றுதான் நினைக்கிறேன். வேண்டும் என்றும் தோன்றவில்லை, வேண்டாம் என்றும் பலமாகத் தோன்றவில்லை.

அத்தானுக்கு வணக்கம்.

உன் தங்கை


மே 5

சின்னவளுக்கு,

கடிதம் இன்று காலைதான் வந்தது. உடனே எழுதுகிறேன். அந்த வேலையை எடுத்துக்கொள்.

அறை எத்தனை பெரியது? கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்கிறதா? மாடிக்கு வெளியாட்கள் வர வாட்ச்மேனைத் தாண்டித்தான் வரவேண்டுமா? இரண்டு பேர் இருந்தால் யாராவது கேட்பார்களா?

சுற்றி வளைத்து என்ன ஆகப்போகிறது. நான் வர வேண்டும். விருந்தாளியாக இல்லை. நான் குளியலறையில் வழுக்கவில்லை. அதற்கு முன்னால் விழுந்ததும் வழுக்கியதால் இல்லை. வண்டியில் நாள் முழுக்கக் குரல் உயராத மனிதர் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்துகிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. இதை எழுதும்போதுகூடக் கை தெருப்பக்கம் கேட்டுக்கொண்டிருக்கிறது என்று எழுதப் போனேன், காது என்று எழுத வேண்டும். பார், எப்படி ஆகிவிட்டேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். யாரிடமும் சொல்லாதே. ஒருவரிடமும். உன் ஊக்கிடம்கூட. அவரிடம் ஓட்டக் கற்றுக்கொண்டவர்கள் இல்லாத ஊர் கிடையாது, லாரி ஓட்டுகிறவர்கள் உங்கள் சலவைக்கூடத்துக்கும் வருவார்கள். எல்லோருக்கும் அவர் தங்கமான மனிதர். ஒரு வாய் திறந்தால் போதும், எனக்கு முன்னால் அவர் அங்கே நிற்பார். எனக்குச் சத்தியம் செய்து எழுது.

அக்கா


மே 20

அன்புள்ள அக்காவுக்கு,

வா. சத்தியமாக யாரிடமும் சொல்ல மாட்டேன்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு வேலைக்குப் போய் மாலைவரை மடித்தேன். எனக்குக் கோபம் வர வேண்டும் என்று தெரிகிறது. அழுகையும் வர வேண்டும். வரும் என்று காத்திருக்கிறேன். ஆனால் மேனேஜரிடம் போய் உடனே சரி என்று சொல்லிவிட்டேன். அறையைப் போய்ப் பார்த்தேன். இரண்டு கட்டில் போடலாம். உள்தாழ்ப்பாள் இருக்கிறது, இரும்பு. வாட்ச்மேனைத் தாண்டித்தான் வர வேண்டும். ஜூன் கடைசியில் பழைய சூப்பர்வைசர் அம்மா காலி செய்துவிடுவார். அப்போது எழுதுகிறேன், நீ கிளம்பி வா.

ஒரு சிக்கல் மட்டும் இருக்கிறது. மடிப்பதற்கு ஒரு இயந்திரம் வரப்போகிறதாம். அது வந்தால் மேல்தளத்தில் ஒரு ஆள் அதிகம். யாரை அனுப்பலாம் என்று நான் ஒரு பெயர் எழுதிக் கொடுக்க வேண்டும், சூப்பர்வைசராக அதுதான் என் முதல் வேலை என்கிறார் மேனேஜர். யார் பெயரை எழுதுவேன் அக்கா? எல்லோரும் நான் முனை கொடுத்து முனை வாங்கியவர்கள்.

அதனால் ஒன்று செய்யப்போகிறேன். இங்கேயும் இப்போது சாப்பாட்டு வேளையில் உலர்த்துகிற அறையில் வட்டமாக உட்காருகிறோம். ஊக்கும் நானும்தான் ஆரம்பித்து வைத்தோம், டயருக்குப் பதில் மூட்டை. நான்தான் எல்லோருக்கும் புத்தகத்தை வாசித்துக் காட்டுகிறேன். இந்த விஷயத்தை அங்கே வைத்துவிடுகிறேன். யாரும் போக வேண்டாம் என்று எல்லோரும் ஒன்றாகச் சொன்னால் மேனேஜர் என்ன செய்ய முடியும்? நான் தனியாக ஒரு பெயர் எழுதுவதைவிட அதுதான் சரி.

உடம்பைப் பார்த்துக்கொள். இதை இவ்வளவு நாள் எழுதாமல் இருந்திருக்கிறேன்.

உன் தங்கை


ஜூன் 2

சின்னவளுக்கு,

நலமா என்று கேட்டு எழுத நேரமில்லை, நலமாக இரு.

வட்டத்தில் வைக்காதே. முதலில் அறைச் சாவியை வாங்கு. பெயர் எழுதாமல் இழுத்தடி, காய்ச்சல் என்று படு, எதையாவது செய். சாவி கைக்கு வந்த பிறகு எத்தனை வட்டம் வேண்டுமானாலும் போடு, நானும் வந்து ஒரு மூட்டைமேல் உட்காருகிறேன்.

நீ அனுப்பிய இரண்டையும் படித்துவிட்டேன். சேர்ந்து பேசி எல்லோரும் கை தூக்கி முடிவு செய்வது சரிதான். அதைவிட நல்ல வழி எனக்கும் தெரியாது. ஆனால் வட்டத்துக்கு வர முடியாதவர்கள் கையை யார் எண்ணுவார்கள்? அது இரண்டிலும் இல்லை.

ஒரு பை எடுத்து வைத்துவிட்டேன். என் சர்டிபிகேட், இரண்டு மாற்றுத் துணி. பழைய துணிக்கு அடியில் இருக்கிறது. இந்த வாரம் அவர் அமைதியாக இருக்கிறார். புதுச் செருப்பு வாங்கிக் கொடுத்தார். அமைதியாக இருப்பதுதான் எனக்கு ஆகவில்லை.

அக்கா


ஜூன் 19

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. அதற்கு முந்தைய நாளே வட்டத்தில் வைத்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மேல்தளத்துப் பெண்கள் எல்லோரும் இருந்தார்கள். மேனேஜர் சொன்னதைச் சொன்னேன். யார் பெயரையும் எழுத மாட்டேன் என்றும் சொன்னேன். கை தட்டினார்கள். யாரும் போக வேண்டாம் என்றே சொல்லிவிடலாமா என்று பேச்சு வந்தது. அப்படிச் சொன்னால் மேனேஜர் தானாகவே ஒருத்தியை அனுப்பிவிடுவார், அதுவும் இரண்டு மாதம் முன்னால் பிரசவமானவளைத்தான் அனுப்புவார் என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவளும் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

அப்போது ஊக்கு பேசினாள். கோபமாக இல்லை, யோசித்து யோசித்துப் பேசினாள்.

"ஒரு ஆள் சம்பளம் குறையணும், அவ்வளவுதானே அவருக்கு? மேல நிக்கிற ஆளைக் குறைச்சிட்டா? சூப்பர்வைசரே வேண்டாம்னு சொல்லிடலாம். அந்தம்மா போற இடம் காலியாவே கிடக்கட்டும். இவ நம்மகூடவே நின்னு மடிக்கட்டும். யாருக்கும் வேலை போகாது."

எல்லோர் முகமும் மலர்ந்துவிட்டது. இத்தனை எளிதான வழி இருக்கிறதா என்று ஆச்சரியப்பட்டார்கள். நான் வாசித்துக் காட்டியதையே எடுத்து என்னிடம் சொன்னார்கள். அதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. கை தூக்கினார்கள். பிரசவமானவள் இரண்டு கையையும் தூக்கினாள்.

என் கை மடியில் இருந்தது. எல்லோரும் காத்திருந்தார்கள். ஊக்கு என்னைப் பார்த்து, "உனக்கு வேண்டாம்னா வேண்டாம். ஏன்னு மட்டும் சொல்லு, விட்டுடலாம்" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை.

எனக்கு அறை வேண்டும் என்று சொல்லலாம் என்று நினைத்தேன். எதற்கு என்று கேட்பார்கள். உனக்குச் சத்தியம் செய்திருக்கிறேன். பொய்க் காரணம் ஒன்றும் வாயில் வரவில்லை. காரணம் சொல்லாமல் தடுக்கக்கூடாது என்பது விதி. அதை அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான். ரொம்ப நேரம் ஆனதுபோல் இருந்தது. பிறகு கையைத் தூக்கினேன்.

மேனேஜர் சந்தோஷமாக ஒத்துக்கொண்டார். சூப்பர்வைசர் சம்பளம்தான் பெரியது, அவருக்கு இதில் இன்னும் லாபம்தான். பழைய சூப்பர்வைசர் அம்மா சொன்னதற்கு முன்பே அறையைக் காலி செய்துவிட்டார், அதில் நேற்று சோப்புத்தூள் மூட்டைகளை அடுக்கிவிட்டார்கள்.

கையைத் தூக்கியபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை அக்கா. வலிக்கவில்லை. இதை எழுதும்போதும் இல்லை. அது இல்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. வேறு அறை தேடுகிறேன். கொஞ்சம் பொறு. நீ இன்னும் கிளம்பிவிடவில்லையே?

உன் தங்கை


ஆகஸ்ட் 2

அன்புள்ள அக்காவுக்கு,

எங்கே இருந்தாலும் நலமாக இரு. இதை எந்த முகவரிக்கு அனுப்புவது என்று தெரியாமல் எழுதுகிறேன்.

ஜூலையில் இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. கோபம் என்று நினைத்துக்கொண்டேன். போன வாரம் அத்தான் சலவைக்கூட வாசலுக்கு வந்தார். வாட்ச்மேனுக்கு அவரை முன்பே தெரிந்திருக்கிறது, நாற்காலி போட்டுக் கொடுத்தார். அத்தான் என் உடம்பை விசாரித்தார். பிறகு, "அக்கா எங்கம்மா?" என்றார். மெதுவாகத்தான் கேட்டார். எனக்குத் தெரியாது என்றேன். அவர் கேட்ட பிறகுதான் நீ அங்கே இல்லை என்பதே எனக்குத் தெரிந்தது. என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். நம்பினார் என்று நினைக்கிறேன், தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

அவர் போனதும் மேலே போய் விரிப்பைப் பிடித்தேன். பிடிக்க முடியவில்லை. முனை நழுவி நழுவி விழுந்தது. நீ உயிரோடு இருக்கிறாயா என்று யாரிடம் கேட்பேன்? போலீசில் சொன்னால் முதலில் அவருக்குத்தான் சொல்வார்கள்.

டயர் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டேன். அன்றைக்குப் பிறகு அங்கே போய் உட்கார முடியவில்லை. ஊக்கு எதிரில் நின்றுதான் மடிக்கிறாள், பாட்டுக்குக் கூப்பிடுவதில்லை, முன்போல் முகம் பார்த்துப் பேசுவதும் இல்லை. நான் யாரிடமும் சொல்லவில்லை அக்கா. சொல்லியிருக்கலாமா என்று இப்போது நினைக்கிறேன். ஒரு வரி போடு. திட்டியாவது போடு.

உன் தங்கை


ஆகஸ்ட் 9

சின்னவளுக்கு,

உயிரோடு இருக்கிறேன். நலமாகவும் இருக்கிறேன் என்று எழுத ஆசைதான், கொஞ்ச நாள் போகட்டும்.

உன் ஜூன் கடிதம் வந்தபோது அவர் வண்டியில் இருந்தார். நின்றபடியே படித்தேன். இன்னும் ஒரு மாதம் அந்த வீட்டில் பொறுத்திருக்க முடியாது என்று எனக்குத் தெரியும். பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். எங்கே போவது என்று பஸ் ஏறிய பிறகுதான் யோசித்தேன். புத்தகங்களின் பின்னட்டையில் ஒரு முகவரி அச்சிட்டிருந்தது, அங்கே போனேன். உன் டயர் கடைதான். பாதி ஷட்டரைத் தூக்கியது, காதில் ஊக்கு தொங்கிய ஒரு பெண்.

நான் யார் என்று சொல்ல வாய் திறந்தேன். "தெரியுதுக்கா. மூஞ்சி அப்படியே இருக்கு. செருப்பை உள்ள விடுங்க, வெளிய விட்டா திருடு போயிடும்" என்றாள். காரணம் கேட்கவில்லை. இதுவரை கேட்கவில்லை. பிறகு நானாகச் சொன்னேன். அப்போதுதான் அவளுக்கு அந்த வட்டத்தில் நடந்தது என்ன என்று விளங்கியது.

கடைக்கு மேலே இருக்கிற அறையில் ஐந்து பேரோடு இருக்கிறேன். புத்தகங்களைப் பிழை திருத்தி டைப் அடித்துக் கொடுக்கிறேன். வீட்டைப் பற்றி எழுதும் பொறுப்பு எனக்கு, அரைப் பக்கத்தில் முடியாது என்று சொல்லியிருக்கிறேன்.

உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று ஊக்கிடம் நான்தான் சொன்னேன். நாள் முழுவதும் உன் எதிரில் நின்று மடித்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருப்பது அவளுக்கு எத்தனை கஷ்டம் என்று தினமும் என்னிடம் புலம்புகிறாள். அவர் உன்னிடம் வருவார் என்று எனக்குத் தெரியும். உனக்குப் பொய் சொல்ல வராது. தெரியாமல் இருந்ததால்தான் தெரியாது என்றாய், அவரும் நம்பிப் போனார். விடுதியில் உன் கட்டிலில் முகவரி எழுதாமல் வைத்திருந்த கடிதத்தை, உன்னைப் பார்க்க வந்தவள்போல் உள்ளே போய் அவளே எடுத்துவந்து கொடுத்தாள். அவளைக் கோபிக்காதே.

அது ஒரு காரணம். இன்னொன்றும் இருக்கிறது. யாரிடமும் சொல்லாதே என்றது நான், நீ சொன்ன சொல்லைக் காப்பாற்றினாய். அதற்காக உன்னைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் சின்னவளே, நீ ஒன்றும் சொல்லாமலே கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கலாமே. விதிப்படி காரணம் சொல்லியாக வேண்டும் என்றால், சொல்ல மாட்டேன் என்று உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள்? அடித்திருப்பார்களா? யாருக்கும் யாரும் அடங்க வேண்டாம் என்று ஊருக்கெல்லாம் வாசித்துக் காட்டியவள், எனக்காக அந்த ஒரு விதியை மீறவில்லை. ஊக்கிடம் கேட்டேன். அப்படி நீ உட்கார்ந்திருந்தால் திட்டிக்கொண்டே கையை இறக்கியிருப்போம் என்றாள்.

போன ஞாயிறு உன்னைத் தெருவில் பார்த்தேன். மெலிந்திருந்தாய். நான் எதிர்ச் சாரியில் நின்றேன், கூப்பிடவில்லை. கூப்பிட்டிருந்தால் கட்டிப்பிடித்திருப்பேன், அதற்கு இன்னும் எனக்கு மனது வரவில்லை. நீ வராதே. வரத் தோன்றும்போது நானே வருகிறேன். அதுவரை எழுது.

இரண்டு தெரு நடந்தால் உன் விடுதி. இதை நானே வந்து கதவிடுக்கில் போட்டுவிடலாம். தபால்தலை ஒட்டித்தான் அனுப்புகிறேன்.

அக்கா